ஜப்பான் கெண்டி வாங்கப் போகிறீர்களா?

ஜப்பானியர் வீட்டுத் தேநீர்க் கெண்டியை முதன் முதலாகப் பார்க்கிறவர்களுக்கு, 'இதைச் செய்த குயவர் கொஞ்சம் தூக்கக் கலக்கத்தில் இருந்திருப்பாரோ?' என்ற சந்தேகம் வந்தால் ஆச்சரியமில்லை. மூக்கு ஒரு பக்கம் இருக்கிறது, சரி. பிடி அதற்கு நேர் எதிரே அல்லவா இருக்க வேண்டும்? அங்கே ஒன்றையும் காணோம்! பக்கவாட்டில், தூபக்காலுக்குப் பிடி வைத்தாற்போல, உள்ளே பொள்ளலான ஒரு மண் குழாய் நீட்டிக் கொண்டிருக்கிறது.

அந்தக் கெண்டியை வலது கையில் எடுத்துப் பாருங்கள். நான்கு விரல்களும் குழாயைப் பற்றிக் கொள்கின்றன. கட்டை விரல் தானாகவே போய் மூடியின் குமிழ் மேல் உட்கார்ந்து கொள்கிறது. முழங்கையைத் தூக்க வேண்டாம். மூடி விழுந்து விடுமோ என்று இன்னொரு கையால் அதைத் தாங்க வேண்டாம். மணிக்கட்டைச் சற்றே திருப்பினால் போதும், தேநீர் கிண்ணத்தில் இறங்குகிறது. பாய் விரித்த தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து பரிமாறுகிற பெண்களுக்கு இதைவிடச் சௌகரியம் வேறு என்ன வேண்டும்? குயவர் தூங்கவில்லை, நன்றாக விழித்துக் கொண்டுதான் இருந்திருக்கிறார். (இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் வருத்தப்பட வேண்டாம். பிடியை மறுபக்கம் வைத்தும் செய்கிறார்கள். கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.)

இந்தக் கெண்டிக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் பெயர் 'கியூசு'.

'நமக்கு எதற்கு இந்தக் கியூசுவும் கீயூசுவும்? காப்பி பில்டர் ஒன்று போதாதா?' என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். ஆனால் கொஞ்ச காலமாக நம் பட்டணத்து வீடுகளிலும் 'கிரீன் டீ' என்பது சமையலறை அலமாரியில் இடம் பிடித்து விட்டது. டாக்டர் சொன்னார் என்று சிலர், உடம்பு இளைக்கும் என்று சிலர், பக்கத்து வீட்டில் குடிக்கிறார்கள் என்று சிலர் வாங்கி வைக்கிறார்கள். தளதளவென்று கொதிக்கிற நீரை அதன் தலையில் ஊற்றி, ஐந்து நிமிஷம் ஊற விட்டு, நிலவேம்புக் கஷாயத்தை விழுங்குவது போல் முகத்தைச் சுளித்துக் கொண்டு விழுங்குகிறார்கள். பிறகு பொட்டலம் அலமாரியின் பின் வரிசைக்குப் போய்ச் சேருகிறது. பழி தேயிலையின் மேல்!

தேயிலையின் மேல் குற்றமில்லை. பச்சைத் தேயிலையில் குழைவான, இலேசாகத் தித்திக்கிற ருசியைத் தருவது 'தியானைன்' என்ற பொருள். அது வெதுவெதுப்பை விடக் கொஞ்சம் கூடுதலான, 50 டிகிரி வெந்நீரிலேயே சமர்த்தாக இறங்கி வந்து விடும். துவர்ப்பைத் தருகிற 'காடெகின்'களும் கசப்பைத் தருகிற 'கபீ'னும் அப்படியல்ல. சூடு ஏற ஏறத்தான் தாராளமாக வெளியே வரும். ஆகவே கொதிநீரை ஊற்றினால் கசப்பும் துவர்ப்பும் முந்திக் கொண்டு வந்து, நல்ல ருசியை மறைத்து விடுகின்றன. ஜப்பானியர் அன்றாடம் குடிக்கும் 'சென்ச்சா' என்ற தேயிலைக்கு 70 முதல் 80 டிகிரி வரை போதும். பறிப்பதற்கு முன் மூன்று வாரம் போலப் பந்தல் போட்டு நிழலில் வளர்க்கும் 'கியொகுரோ' என்ற உயர்ந்த தேயிலைக்கு 50, 60 டிகிரியே போதும். வறுத்த தேயிலையான 'ஹோஜிச்சா'வுக்குத்தான் கொதிநீர் ஆகும்.

டிகிரி பார்க்க ஒவ்வொரு வீட்டிலும் தெர்மாமீட்டருக்கு எங்கே போவது? வேண்டாம். காப்பியை டபராவில் ஆற்றத் தெரிந்த நமக்கு இது புதிய வித்தையா? கொதித்த நீரை முதலில் வெறும் கிண்ணங்களில் ஊற்றுகிறார்கள். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் போதெல்லாம் ஏறத்தாழ 10 டிகிரி குறையும் என்பது அவர்கள் கணக்கு. கிண்ணமும் சூடாகிறது, எத்தனை கிண்ணம் தண்ணீர் வேண்டும் என்ற அளவும் கிடைத்து விடுகிறது. பிறகு அந்த நீரைக் கெண்டியிலுள்ள இலையின் மேல் ஊற்றி, ஒரு நிமிஷம் போலக் காத்திருக்கிறார்கள். கெண்டியைக் குலுக்குவதில்லை.

அடுத்தபடி செய்வதுதான் முக்கியம். மூன்று கிண்ணங்கள் இருந்தால் முதல் கிண்ணத்தை நிரப்பி விட்டு அடுத்ததற்குப் போவதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று என்று திரும்பி வருகிறார்கள். பந்தியில் ஒருவருக்குக் கெட்டிக் குழம்பும் இன்னொருவருக்குத் தெளிவும் போகக் கூடாதல்லவா? கடைசியில் கெண்டியை நன்றாகச் சாய்த்து, ஒவ்வொரு சொட்டாக விழுந்து முடியும் வரை பொறுமையாகப் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கடைசிச் சொட்டுகளில்தான் சாரம் அதிகம். அது மட்டுமல்ல. உள்ளே தண்ணீர் தங்கினால் இலை தொடர்ந்து ஊறிக் கொண்டே இருக்கும். அடுத்த தடவை ஊற்றும்போது வருவது கஷாயம்தான். காப்பியில் இரண்டாம் டிகாக்‌ஷன் என்றால் நாம் அலட்சியமாகப் பேசுவோம். அங்கே அப்படியில்லை, ஒரே இலையில் இரண்டாவது, மூன்றாவது தடவையும் ருசித்துக் குடிக்கிறார்கள்.

ஆக, ஒரு நல்ல கியூசு செய்ய வேண்டிய வேலை இதுதான்: இலையை உள்ளே நிறுத்திக் கொண்டு, நீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வெளியே அனுப்ப வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. கடையில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் அழகழகான கெண்டிகளில் எத்தனை இதைச் சரியாகச் செய்கின்றன என்பதுதான் சங்கதி.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்து விடலாம். ஜப்பானியரின் தேநீர்ச் சடங்கைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அதில் வருவது 'மாச்சா' என்ற தூள். அதைக் கிண்ணத்திலேயே போட்டு மூங்கில் துடைப்பத்தால் நுரைக்க அடிப்பார்கள். கெண்டிக்கு அங்கே வேலையில்லை. கெண்டியின் கதை இலைத் தேநீரின் கதை. 1738ல் கியோட்டோவுக்கு அருகே உஜி வட்டாரத்தில் நாகதானி சோயென் என்ற விவசாயி, பறித்த இலையை ஆவியில் வாட்டி, கையால் உருட்டி உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். பச்சை நிறம் மாறாத சென்ச்சா பிறந்தது. அதே காலத்தில் கியோட்டோத் தெருக்களில் தேநீர்ச் சாமான்களைத் தோளில் சுமந்து கொண்டு, வந்தவர்க்கெல்லாம் தேநீர் காய்ச்சிக் கொடுத்துக் கொண்டிருந்தார் ஒரு கிழத் துறவி. 'பைசாவோ' என்று பெயர். 'தேநீர் விற்கும் கிழவர்' என்பதுதான் அதற்கு அர்த்தம். கொடுத்ததை வாங்கிக் கொள்வார். கொடுக்காவிட்டாலும் தேநீர் உண்டு. 1755ல், எண்பது வயதில், தமக்குப் பிறகு தகாதவர் கையில் சிக்க வேண்டாமென்று அந்தச் சாமான்களில் பலவற்றைத் தாமே தீயிலிட்டு விட்டாராம்! சாமானின் மேல் பற்று இல்லாததனால் செய்தாரா, பற்று மிகுந்ததனால் செய்தாரா என்பதை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

கெண்டிக்குப் பேர் போன ஊர் டோகோனாமே. நகோயா நகரத்துக்குத் தெற்கே, கடற்கரையில் இருக்கிறது. 2005ல் திறந்த நகோயா விமான நிலையம் இந்த ஊரை ஒட்டிக் கடலில் மண் கொட்டி எழுப்பிய தீவில்தான் இருக்கிறது. ஆனால் ஊருக்குச் சூளைப் புகை பழகி ஏறக்குறைய 900 வருஷங்கள் ஆகின்றன. ஜப்பானின் 'ஆறு பழம் சூளை'களில் இதுவும் ஒன்று. ஆரம்பத்தில் பெரிய பெரிய ஜாடிகள்; பிற்பாடு, சாக்கடைக்கும் ரயில் பாதைக்கும் மண் குழாய்கள். அந்தக் குழாய்களில் மிஞ்சியவற்றை அடுக்கியே சுவர் எழுப்பிய ஒரு சரிவுப் பாதை இன்றைக்கும் ஊருக்குள் இருக்கிறது.

சாக்கடைக் குழாய் செய்த ஊரில் தேநீர்க் கெண்டியா என்று முகம் சுளிக்க வேண்டாம். மண்ணை அறிந்தவர் கைக்கு இரண்டும் ஒன்றுதான். 1854ல் சுகியே ஜுமோன் என்பவர் சீனத்துச் சிவப்புக் கெண்டிகளைப் போல டோகோனாமே மண்ணிலேயே செய்து காட்டினார். 1878ல் சீனாவிலிருந்து ஜின் ஷிஹெங் என்ற கலைஞரை வரவழைத்து, யீஷிங் ஊர்க் கெண்டி வித்தையை நேரில் கற்றுக் கொண்டார்கள். அந்த வித்தை தலைமுறை தலைமுறையாக வளர்ந்து, 1998ல் மூன்றாம் யமாதா ஜோசான் என்ற குயவருக்கு ஜப்பானிய அரசாங்கம் 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று மக்கள் சொல்லும் பெரும் கௌரவத்தை அளித்தது. அவர் செய்தது ராஜாக்களின் பூஜாடி அல்ல, அடுப்பங்கரைக் கெண்டி! அவர் 2005ல் காலமானார்.

டோகோனாமே மண் நம் செம்மண் பானையைப் போலச் சிவந்திருக்கும். காரணமும் ஒன்றே, இரும்பு. ஆனால் நம் பானை போல இது நீரைக் கசிய விடாது. மாவு போல நைசாக அரித்த மண்ணைச் சுமார் 1,100 டிகிரியில் சுட்டு இறுக்கி விடுகிறார்கள். பளபளப்புப் பூச்சு கிடையாது. இருந்தும் கையால் தடவினால் பட்டு மாதிரி வழுக்கும். கடல் பாசியைச் சுற்றிச் சூளையில் வைத்து, பாசி எரிந்த தடத்தையே கோலமாக விட்டு விடுவதும் ஒரு வகை. மண்ணிலுள்ள இரும்பு தேநீரின் துவர்ப்பைத் தணிக்கிறது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் மண்ணைக் காட்டிலும் வெந்நீரின் சூடுதான் ருசியை அதிகம் மாற்றும் என்பது என் கட்சி. மண்ணின் பெருமையை மட்டும் சொல்லி விலையை ஏற்றுகிற கடைக்காரரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

இனி கெண்டியைப் பொறுக்கலாம்.

சந்தையில் பானை வாங்கும்போது என்ன செய்வோம்? விரலை மடக்கித் தட்டிப் பார்ப்போம். இங்கேயும் மெதுவாகத் தட்டுங்கள். 'கணீர்' என்றால் சரி. 'டப்' என்று அடைத்த ஒலி கேட்டால் எங்கோ கீறல் இருக்கலாம்.

பிறகு மூடி. அதை இடத்தில் வைத்து விரலால் சுற்றி விடுங்கள். ஆட்டம், கடகடப்பு, கரகரப்பு எதுவும் கூடாது. சூளையிலிருந்து வந்த பிறகு மூடிக்கும் வாய்க்கும் நடுவே அரைக்கும் தூளைக் குழைத்து வைத்து, இரண்டையும் ஒன்றோடொன்று சுற்றித் தேய்த்துப் பொருத்துகிறார்கள். ஆகவே அந்த மூடி அந்தக் கெண்டிக்கு மட்டும்தான். ஜோடி பிரிந்தால் மறு ஜோடி கிடையாது! மூடியில் ஊசித் துவாரம் ஒன்று இருக்கும். கெண்டியில் தண்ணீர் நிரப்பி, அந்தத் துவாரத்தை விரலால் அடைத்துக் கொண்டு சாய்த்துப் பாருங்கள். நல்ல மூடியானால் தண்ணீர் நின்று விடும் அல்லது நூலாக மெலிந்து போகும். விரலை எடுத்தவுடன் சரசரவென்று வரும். குழந்தைகளுக்கு இந்த வேடிக்கை மிகவும் பிடிக்கும். அவர்கள் கையில் மட்டும் கொடுத்து விடாதீர்கள்.

தண்ணீர் ஊற்றிப் பார்க்கக் கடைக்காரர் சம்மதித்தால் மூக்கையும் சோதித்து விடலாம். தாரை உருண்டையாக, சிதறாமல் விழ வேண்டும். நிமிர்த்தியதும் வெட்டினாற்போல் நிற்க வேண்டும். தாடையில் வழிந்து மேஜை விரிப்பில் சொட்டுகிறதென்றால், பார்வைக்கு எத்தனை லட்சணமாக இருந்தாலும், மூக்கு ஒழுகுகிற கெண்டியை வீட்டுக்கு அழைத்து வர வேண்டாம். கடைசியாக நன்றாகச் சாய்த்து, பிறகு மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். மூக்கின் அடியிலோ தோள் மடிப்பிலோ நீர் தேங்கியிருக்கிறதா? இந்தச் சோதனையில் தேறாத கெண்டி, மற்ற எல்லாவற்றிலும் தேறினாலும் பயனில்லை. தபாலில் வரவழைக்கிறவர்கள் இதையெல்லாம் முன்கூட்டிப் பார்க்க முடியாது. திருப்பி எடுத்துக் கொள்ளும் கடையாகப் பார்த்து வாங்கி, வந்த அன்றே சோதித்து விடுவது நல்லது.

கையில் பிடித்துப் பார்ப்பதும் அவசியம். வெறும் கெண்டி கனமாகத் தோன்றினால், நீர் நிரம்பியதும் மணிக்கட்டுக்குச் சிரமம். மூக்கின் நுனி, கெண்டியின் வாய்க்கு ஏறக்குறைய சம உயரத்தில் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். தாழ்ந்திருந்தால் நிரப்பும்போதே மூக்கு வழியாக வழிந்து விடும்.

வடிகட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஏமாறுகிற இடம் இதுதான். மூக்கின் அடிவாரத்தில், கெண்டியின் உட்புறத்தில், குயவர் மண்ணாலேயே ஒரு சின்னச் சல்லடை வைத்திருப்பார். மெல்லிய மண் வில்லையைக் குவித்து, ஈரம் காய்வதற்குள் நூற்றுக்கணக்கான கண்களைக் குத்தி, உடைந்து விடாமல் உள்ளே ஒட்ட வேண்டும். கையால் செய்த கெண்டிக்கு விலை ஏறுவதற்கு இந்தச் சல்லடையும் ஒரு காரணம். உருண்டு நீண்ட இலைகளுக்கு இது பிரமாதம். ஆனால் ஷிஸுவோகா பக்கத்தில், இலையை வழக்கத்தைவிட அதிக நேரம் ஆவியில் வைத்துத் தயாரிக்கும் 'புகாமுஷி' என்ற வகை உண்டு. அதில் இலை நொறுங்கித் தூளாக இருக்கும். அது பெரிய கண்ணில் புகுந்து வரும். சிறிய கண்ணை அடைத்துக் கொள்ளும். அந்தத் தேயிலை வாங்குகிறவர்கள், மிக நுண்ணிய கண் உள்ள சல்லடையோ, உட்சுவரைச் சுற்றி எவர்சில்வர் வலை ஓடுகிற கெண்டியோ பார்த்து வாங்குவதே புத்திசாலித்தனம். கூடை போல உள்ளே தொங்குகிற வலை கழுவச் சுலபம்தான். ஆனால் இலைக்கு விரிய இடம் போதாது, கொஞ்சம் நீர் ஊற்றினால் இலை நனையவும் நனையாது. எந்தத் தேயிலை என்று தீர்மானித்து விட்டுக் கெண்டிக்குப் போங்கள்.

அளவில் ஆசைப்பட வேண்டாம். இரண்டு பேருக்கு 200 முதல் 300 மில்லி கொள்ளுகிற கெண்டி போதும்; அதற்கு ஐந்தாறு கிராம் இலை. கியொகுரோ மட்டும் என்றால் இன்னும் சிறிது. ஹோஜிச்சாவின் வறுத்த மணம் பூச்சில்லாத மண்ணில் ஏறி விடக்கூடும். ஆகையால் அதற்குப் பூச்சுள்ள பீங்கானில் வேறு கெண்டி வைத்துக் கொள்வது நலம்.

ஒரு எச்சரிக்கை. 'ஜப்பான் இரும்புக் கெண்டி' என்று கறுப்பாக, முள் முள்ளாகப் புடைத்த வேலைப்பாட்டுடன் விற்கிறார்களே, அதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று அடுப்பில் வைத்து வெந்நீர் போடும் கெட்டில். அதில் தேயிலை போடுவதில்லை. மற்றது உள்ளே எனாமல் பூசி வலைக்கூடை வைத்தது; அது தேநீர் ஊற வைக்க மட்டுமே, அடுப்பில் ஏற்றினால் எனாமல் வெடித்துப் போகும். மூடியைத் திறந்து உட்புறத்தைப் பார்த்தால் எது எதுவென்று தெரிந்து விடும். மண் கியூசுவும் அப்படித்தான்; அது எந்நாளும் அடுப்பைக் காணக் கூடாது.

இனி பணத்தின் பேச்சு. கெண்டிகளில் பல, அச்சில் மண் குழம்பை ஊற்றி எடுத்தவை. அவற்றைக் கேவலமாகச் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன சோதனைகளில் தேறினால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் அச்சுக் கெண்டிக்குக் கைவேலையின் விலை கொடுக்க வேண்டாம். கையால் செய்ததென்றால் உடம்பு, மூடி, மூக்கு, பிடி, சல்லடை எல்லாவற்றையும் தனித்தனியே செய்து, சரியான பதத்தில் ஒட்டியிருப்பார்கள். உள்ளே விரலை விட்டால் சக்கரத்தில் சுழன்ற விரல் தடம் இலேசாகத் தட்டுப்படும். நடுவே அச்சுப் பொருத்திய கோடு இராது. பிடியின் அருகிலோ அடியிலோ செய்தவரின் முத்திரை சின்னதாகப் பதிந்திருக்கும்.

இந்த முத்திரைக்காரர்களைப் பற்றித்தான் இப்போது டோகோனாமேயில் கவலை. 1985ல் ஜப்பானில் பச்சைத் தேநீரைத் தகர டப்பாவில் அடைத்து விற்க ஆரம்பித்தார்கள். 1990ல் அது பிளாஸ்டிக் பாட்டிலுக்கு வந்தது. தெருமுனை இயந்திரத்தில் காசு போட்டால் தேநீர் கையில் வந்து விழுகிறது. வெந்நீர் ஆற்ற வேண்டாம், இலை அலச வேண்டாம். தேநீர் குடிப்பது நிற்கவில்லை. ஆனால் கெண்டியே இல்லாத இளந்தம்பதிகளின் வீடுகள் பெருகி விட்டன. வாங்குகிறவர் இல்லாவிட்டால், ஐந்து துண்டுகளை ஒன்றாகச் சேர்க்கிற கையைப் பழக்க வருஷக்கணக்கில் உட்காரப் போகிற சிஷ்யன் யார்? ஆத்திரப்பட்டுப் பயனில்லை, வேலைக்குப் போகும் பெண்ணுக்கு நேரம் எங்கே இருக்கிறது? அம்மி இருந்த வீட்டில் மிக்ஸி வந்த கதை நமக்குத் தெரியாததா?

வாங்கி வந்தாயிற்று. புதுக் கெண்டியின் மூக்கு நுனியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருக்கலாம். கடையிலும் வண்டியிலும் மூக்கு உடையாமலிருக்க மாட்டியது அது. சொட்டாமல் தடுக்கும் ஏற்பாடு என்று நினைத்து அப்படியே விட்டு விடுகிறவர்கள் ஜப்பானிலேயே ஏராளம்! இடுக்கில் அழுக்குச் சேர்ந்து பூஞ்சைதான் பிடிக்கும். உடனே உருவி எறியுங்கள். பூச்சில்லாத கெண்டிக்குச் சோப்பு ஆகாது. வாசனை மண்ணில் தங்கும். உபயோகித்தவுடன் வெந்நீரில் அலசி, மூடியைத் தனியே வைத்து, ஈரம் போகக் காய வைத்தால் போதும். சல்லடைக் கண் அடைத்தால் மென்மையான பிரஷ்.

குடித்து முடித்த இலையை என்ன செய்வது என்கிறீர்களா? அந்த நாளில் ஜப்பானியப் பெண்கள் அதைப் பிழிந்து பாய் மேல் தூவிப் பெருக்குவார்கள். தூசி பறக்காமல் இலையோடு ஒட்டிக் கொண்டு வந்து விடும். கியொகுரோ இலையானால் பெருக்குவதற்குப் போடாதீர்கள். அது அவ்வளவு மெத்தென்று இருக்கும்; சோயாச் சாறு இரண்டு சொட்டு விட்டுச் சாப்பிட்டு விடுகிறார்கள்.